தாத்தாவின் தீர்மானமும் தண்ணீர் லாரியும்

அடையாறிலிருந்து கிண்டிக்குப் போகும் சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டபம் இருக்கிறது. காமராசர் நினைவிடம், ராஜாஜி நினைவிடம், கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்து போகிறவர்கள் பலர். அதே வளாகத்தில்தான் இரட்டைமலை சீனிவாசனுக்கும் நினைவு மண்டபம் இருக்கிறது. ஜூலை 7 பிறந்தநாளிலும் செப்டம்பர் 18 நினைவுநாளிலும் கட்சிக்கொடிகள் வரும், மாலைகள் விழும். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. வாசலுக்கு வெளியே மட்டும் தண்ணீர் லாரிகள் பின்குழாயில் நீர் சொட்டச் சொட்ட இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தியாகராய நகர் ஓட்டல்களுக்கும் அடையாறு அடுக்ககங்களுக்கும் மயிலாப்பூர் கல்யாண மண்டபங்களுக்கும் போகிற தண்ணீர் அது. அந்த லாரிகளையும் உள்ளே சிலையாக நிற்கும் தாத்தாவையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதால் இந்த வாரம் அவருடைய கதை.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் கிராமத்தில் 1859 ஜூலை 7-இல் பிறந்தார். இரட்டைமலை என்பது ஊர்ப்பெயரோ பட்டப்பெயரோ அல்ல, அவருடைய அப்பாவின் பெயர். சாதிக் கொடுமை தாங்காமல் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம் போய், பிறகு கோயம்புத்தூரில் குடியேறியது. அங்கே அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணர்கள். கூடப் படிக்கிறவர்களோடு விளையாடினால் வீடு எங்கே, உறவு யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு முடிந்ததும் யாரும் கூட வந்துவிடாதபடி விரைவாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் தாகம் எடுத்தால் அந்தப் பையன் எந்தப் பானையில் மொண்டு குடித்திருப்பான் என்று அவர் எழுதவில்லை. சேரியில் பிறந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அதைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டியதும் இல்லை.

படிப்பு முடிந்து நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனத்தில் கணக்கர் வேலை. பண்டிதர் அயோத்திதாசர் அவருடைய தங்கையை மணந்தவர். மைத்துனர்கள் இருவருமே பத்திரிகை நடத்தியவர்கள். இருவரும் தேர்ந்த பாதை மட்டும் வேறு. அயோத்திதாசர் பௌத்தத்தை நோக்கிப் போனார். சீனிவாசன் மனு, கூட்டம், சட்டசபை என்று அரசாங்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1890 வாக்கில் சென்னைக்கு வந்தவர், 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்களோ அதையே முகப்பில் பெரிதாக அச்சடித்தார். நாலு பக்கம், பத்து ரூபாய் செலவு, சுமார் 400 பிரதிகள் இரண்டே நாளில் தீர்ந்துபோயின. ஏழு ஆண்டு நடத்தினார்.

அதே ஆண்டில் ஒரு மனு. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, இங்கே நடத்தினால் சாதி இந்துக்களே எல்லாப் பதவியிலும் உட்கார்ந்து இன்னும் நசுக்குவார்கள் என்று எதிர்மனு தயாரித்தார். 112 அடி நீளம், 3,412 பேர் கையெழுத்து. அந்த நிலைப்பாட்டில் இன்றைக்கு நமக்குக் கேள்வி இருக்கலாம். ஆனால் சுயராஜ்யம் பேசியவர்களிடம், ஆளப்போவது யார், அவர்கள் கையில் எங்கள் கிணறும் தெருவும் என்ன ஆகும் என்று கேட்ட முதல் தலைமுறை அது. நிர்வாகம் கைமாறும்போது கீழே இருப்பவனுக்கு என்ன நடக்கும் என்பதே அவருடைய கேள்வி. கடைசி வரை அதை விடவில்லை.

நடுவில் இருபது ஆண்டை விரைவாகச் சொல்லிவிடலாம். லண்டன் போய் நாடாளுமன்றத்திலேயே முறையிடலாம் என்று கப்பலேறியவர், போக முடியாமல் தென்னாப்பிரிக்காவில் தங்கினார். டர்பன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது இவரிடம் என்பார்கள். 1921-இல் திரும்பி வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வெடுக்கும் வயது. அவருடைய வாழ்க்கையின் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

சென்னை மாகாண சட்டசபையில் அப்போது ஏற்கெனவே எம்.சி.ராஜா இருந்தார். பரங்கிமலையில் பிறந்தவர், ஆசிரியர். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் இருந்ததை ஆதிதிராவிடர் என்று மாற்றக் கேட்டு 1922-இல் தீர்மானம் கொண்டுவந்தவர். 1923-இல் சீனிவாசனும் நியமன உறுப்பினராக உள்ளே வந்தார். பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி நடந்த காலம். 1924 மார்ச் முதல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று சீனிவாசன் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியினரும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச்சாலையில், தெருவில், பாதையில் நடக்க ஆட்சேபணை இல்லை என்பது ஒரு பகுதி. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பொது அலுவலகங்களுக்குள்ளும் பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்களுக்கும் சாதி இந்துக்களைப் போலவே, அதே அளவுக்குப் போய்வரலாம் என்பது இன்னொரு பகுதி. இதுவே அரசின் கொள்கை என்று அறிவிக்கக் கேட்டார். தீர்மானம் நிறைவேறி, அரசாணையாகவும் அரசிதழிலும் வெளிவந்தது.

வட்டமேசை மாநாட்டில் மன்னர் கைகுலுக்கிய கதையை நம் மேடைகளில் ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது. அதில் பத்தில் ஒரு பங்காவது இந்தத் தீர்மானத்தைப் பேசியிருக்க வேண்டும். 2024-இல் இதற்கு நூறு வயது நிறைந்தது. எத்தனை ஊரில் கூட்டம் போட்டோம்?

தீர்மானத்தின் வார்த்தைகளைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். கோயிலைப் பற்றியோ உணவைப் பற்றியோ அதில் பேச்சில்லை. கருணை கேட்கவில்லை. பொது என்று பெயர் வைத்த ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து, பொது என்றால் நாங்களும்தானே என்று அரசிடமே எழுதி வாங்கிக்கொண்டார். கணக்கர் வேலை பார்த்தவரின் புத்தி அது. வரவுசெலவில் தண்டல் எங்களிடமும் வாங்குகிறாய், கிணறு மட்டும் எப்படி உன்னுடையது என்ற கணக்கு.

ஓட்டையும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. பொதுக்கிணறு என்றால் உரிமை உண்டு. இது பொது அல்ல, எங்கள் சொந்தக் கிணறு என்று சொல்லிவிட்டால்? பம்பாயில் இதற்கு ஓராண்டு முன்பே, 1923 ஆகஸ்டில், எஸ்.கே.போலே இதே மாதிரி தீர்மானத்தைச் சட்டசபையில் நிறைவேற்றியிருந்தார். அதை நம்பித்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு மகத் நகராட்சியின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். எதிர்த்தவர்கள் அன்று கம்போடு வந்தார்கள், அப்புறம் வக்கீலோடு வந்தார்கள். குளம் பொதுச்சொத்தே அல்ல, எங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு இழுத்து, 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தண்ணீரில் தீண்டாமையைக் காப்பாற்ற மதத்துக்கு அடுத்து எடுத்த ஆயுதம் தனிச்சொத்து என்ற வாதம். இதை மறந்துவிடக் கூடாது.

அரசாங்கம் இன்னொரு வழியையும் பிடித்துக்கொண்டது. 1920-களில் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கென்றே தனிக் கிணறுகள் வெட்டிக் கொடுத்தது. தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது உண்மை. அந்த அளவுக்கு அது உதவிதான். ஆனால் ஊர்க்கிணற்றைத் திறந்துவிடும் தலைவலி இல்லாமல் பிரச்சினையை முடித்துக்கொள்ளும் சௌகரியமும் அதில் இருந்தது. உரிமையைத் தருவதற்குப் பதிலாக வசதியைத் தருவது. அந்தப் பழக்கம் போகவே இல்லை. இன்றைக்கும் எத்தனையோ ஊர்களில் ஊர்த்தெருவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மலம் கலந்திருந்தது தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் தொட்டியில்தான்.

தீர்மானம் தண்டனை இல்லாத கொள்கை அறிவிப்பு என்பது சீனிவாசனுக்கும் தெரிந்தே இருந்திருக்கும். தடுக்கிறவனைத் தண்டிக்கும் சட்டத்துக்கு இன்னும் பதினான்கு ஆண்டு ஆனது. எம்.சி.ராஜா கொண்டுவந்த மசோதா 1938-இல் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டமாக, சென்னை மாகாணத்தின் 21-ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. பொதுநீர்நிலை, பாதை, போக்குவரத்து ஆகியவற்றில் தடுப்பது குற்றம் என்றானது. அதற்குப் பிறகு 1955-இல் இந்தியா முழுமைக்குமான தீண்டாமைச் சட்டம். இதிலெல்லாம் ராஜாவும் சீனிவாசனும் எப்போதும் கைகோத்து நடந்தவர்கள் இல்லை. தனித்தொகுதியா கூட்டுத்தொகுதியா என்பதில் 1932-இல் எதிரெதிராக நின்றார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒருவர் போட்ட அடியின் மேல் இன்னொருவர் சுவர் எழுப்பினார்.

வட்டமேசை மாநாடுகளுக்கு 1930-இலும் 1931-இலும் சீனிவாசன் அம்பேத்கரோடு போனார். அப்போது வயது எழுபதுக்கு மேல். இருவரும் சேர்ந்து கொடுத்த மனுவில் தனித்தொகுதி மட்டும் இல்லை, பொதுவசதிகளைப் பயன்படுத்தத் தடுப்பவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. சென்னையில் தீர்மானமாக நின்றுபோனதை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது, நாம் இந்துக்களே இல்லை, பிறகு எதிலிருந்து மாறுவது என்று மாறுபட்டார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வந்தன. 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார்.

இனி வெளியே ஓடும் லாரிக்கு வருகிறேன்.

சென்னைக் குடிநீர் வாரியம் 1978 சட்டத்தால் உருவானது. பொது நிறுவனம். ஆனால் தண்ணீர் நம் வீட்டுக்கு வரும் பாதையில் இன்றைக்குப் பல கைகள் இருக்கின்றன. மீஞ்சூரில் 2010-இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை ஒரு தனியார் நிறுவனம் கட்டி, வாரியத்துக்குத் தண்ணீர் விற்கும் ஏற்பாடு. தென்சென்னைக்குத் தண்ணீர் தரும் நெம்மேலி ஆலை வாரியத்துக்குச் சொந்தமானது, கட்டி இயக்கும் வேலை தனியாருக்குத் தரப்பட்டது. தெருக்களுக்கு வரும் லாரிகளில் பெரும்பகுதி ஒப்பந்த லாரிகள். இவை போக, வாரியத்துக்குச் சம்பந்தமில்லாத தனியார் லாரிகள். அவை தெற்கே செங்கல்பட்டு மாவட்டப் பக்கம் பட்டா நிலத்துக் கிணறுகளிலிருந்து உறிஞ்சி வருகின்றன. நிலத்தடி நீரை எடுக்கவும் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்று 1987-இலேயே சட்டம் இருக்கிறது. கேட்டால், என் நிலம், என் கிணறு என்ற பதில் வரும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அதற்குத் துணைக்கு நிற்கும். மகத் குளக்கரையில் கேட்ட அதே பதில்தான். தாத்தா பிறந்த கோழியாளமும் அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது.

தனியார் என்றாலே பேய் என்று சொல்ல நான் வரவில்லை. பரங்கிமலைக்குப் பக்கத்து ஆலந்தூரில் மக்கள் முன்பணம் கட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கிய பாதாளச் சாக்கடைத் திட்டம் ஓரளவு நல்லபடி நடந்ததாகவே பேசப்படுகிறது. நகராட்சி முன்னால் நின்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசியது அதற்கு ஒரு காரணம். பொதுத்துறை என்றால் சாதி பார்க்காது என்பதும் பொய். பொதுக்குழாயடியில் அடிபட்டவர்கள் நாம்.

எனக்குத் தெரிந்த ஒரு கோடையைச் சொல்கிறேன். வீராணம் தண்ணீர் சென்னைக்கு வருவதற்கு முந்தைய வறட்சி, 2003, 2004 வாக்கில். மயிலாப்பூரை ஒட்டிய எங்கள் குடிசைப்பகுதிக்கு நாலு நாளாக லாரி வரவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமார்களும் காலிக்குடங்களோடு கிளம்ப, நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் லாரி ஒப்பந்தக்காரருடையது, அவரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள், உத்தரவு ஆபீஸிலிருந்து வர வேண்டும், அங்கே போய்க் கேளுங்கள் என்றார். டிரைவர், ரோடு குறுகல், வண்டி திரும்பாது என்றார். இரண்டு தெரு தள்ளி அதைவிடக் குறுகலான சந்தில் லாரி நின்றதை அம்மாவே காட்டினார். மூன்று பேரும் எங்கள் சாதியைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. யார் மேல் புகார் எழுதுவது என்று தெரியாமல் அன்று ஒரு வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

1924-இல் சீனிவாசனுக்கு எதிரில் இருந்தது ஒரே அரசு. அதனிடம் பேசி, எழுதி வாங்க முடிந்தது. ஒப்பந்தம் நடுவில் வந்தால் பொது என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஒப்பந்தத்தில் எத்தனை லிட்டர், எத்தனை நடை, எவ்வளவு அபராதம் என்றெல்லாம் இருக்கும். எந்தத் தெருவைத் தவிர்த்தால் குற்றம் என்று இருக்குமா? பள்ளிக்கூட வாசலில் அவர் மணியடிக்கக் காத்திருந்த அதே கோயம்புத்தூரில், 2018-இல் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டு ஒப்பந்தத்தில் பிரான்சின் சூயஸ் நிறுவனத்திடம் மாநகராட்சி கொடுத்தது. கட்டணம் நிர்ணயிப்பது எங்கள் கையில்தான் என்று மாநகராட்சி சொன்னது. தெருவோரப் பொதுக்குழாய்கள் போய்விடும் என்று எதிர்த்தவர்கள் பயந்தார்கள். தெருக்குழாய் போனால் யாருக்கு நட்டம் என்பதை வீட்டுக்குள் மோட்டார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை. திருப்பூரில் பவானித் தண்ணீரைச் சாயப்பட்டறைகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவந்த தனியார் பங்கேற்புத் திட்டம் இன்னும் பழையது. தொடங்கும்போதே பெரிய வாடிக்கையாளர் தொழிற்சாலைதான் என்பது அதன் கணக்கில் எழுதியிருந்தது.

குழாயின் இன்னொரு முனையையும் பார்க்க வேண்டும். வந்த தண்ணீர் சாக்கடையாகப் போகிறது. அடைப்பெடுக்க இறங்குகிறவன் யார் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு சாவிலும் அவன் எங்கள் ஊழியன் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற பேச்சு முதலில் வரும். இழப்பீடு 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீரில் தனியார் பங்கேற்பு என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் இந்தப் பங்கேற்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கின்றன. எங்கள் பழைய அக்கம்பக்கத்தார் சிலரும் அங்கே இருக்கிறார்கள். போன முறை பார்க்கப் போனபோது ஒரு அக்கா கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று விரல்விட்டு எண்ணினார். பேச்சுவாக்கில் தாத்தாவின் தீர்மானத்தைச் சொன்னேன். அவர் அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். அடுத்த குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவின் தலைப்பில் தேதியோடு போட வேண்டுமாம். 22-8-1924 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.